இருப்பிடமும் உடல்நலமும்



கல்விக் கழகத்தின் வெள்ளி விழாவில் மருத்துவத்தைப் பற்றிய பேச்சு எதற்கு என்று நீங்கள் எண்ணலாம். நோயுற்று ஒரு மாதம் பள்ளிக்கு வராத பிள்ளை, பல வேளைகளில் பின்னர் வருவதே இல்லை. ஆகவே இதுவும் கல்வியைச் சார்ந்த செய்தியே.

1978-ஆம் ஆண்டு அல்மா ஆட்டா நகரில் கூடிய உலக நாடுகள், ஆரம்ப மருத்துவ வசதி மக்கள் வாழும் இடத்திற்கும் உழைக்கும் இடத்திற்கும் இயன்றவரை அண்மையில் இருத்தல் வேண்டும் என்று அறிவித்தன. அவ்வறிவிப்பை நம் வடசென்னையில் வைத்துப் பார்ப்போம்.

இராயபுரத்தில் வாழ்வோருக்கு ஸ்டான்லி மருத்துவமனை அண்மையிலேயே உள்ளது. எண்ணூர்க் குப்பத்து மக்களுக்கோ அது 10 கிலோமீட்டருக்கும் அப்பால். கண்டெய்னர் லாரிகள் சாலையை அடைத்து நிற்கும்போது அத்தொலைவு இரு மடங்காகிறது. நாட்கூலி பெறுவோருக்கு அது ஒரு நாள் ஊதியத்தின் இழப்பும் ஆகிறது.

2023 டிசம்பர் 26 நள்ளிரவில், எண்ணூர் பெரியகுப்பத்தருகே கடலடியில் செல்லும் உரத் தொழிற்சாலைக் குழாயிலிருந்து அமோனியா கசிந்தது. மக்கள் மூச்சுத் திணறி இருளில் ஓடினர். ஐம்பதுக்கும் மேற்பட்டோர் மருத்துவமனைகளில் சேர்க்கப்பட்டனர். சிலர் ஸ்டான்லி வரை கொண்டு செல்லப்பட்டனர். ஆபத்து வாசலில் இருந்தது. மருத்துவம் தொலைவில் இருந்தது.

இது விதியன்று. சேரியை ஒதுக்கி வைத்த கிராமம், பள்ளியையும் மருத்துவ நிலையத்தையும் ஊர்ப்பக்கமே வைத்துக்கொண்டது. நகரத்தில் நிலத்தின் விலையே அவ்வேலையைச் செய்கிறது. ஏழைக்கு எட்டும் நிலம் ஆலைப் புகைக்கருகேதான் கிடைக்கிறது.

நகரங்களில் 50,000 மக்களுக்கு ஓர் ஆரம்ப சுகாதார நிலையம் என்பது 2013-இல் தொடங்கிய தேசிய நகர்ப்புறச் சுகாதார இயக்கத்தின் அளவுகோல். அது தலைகளை எண்ணுகிறது. குறுக்கே கிடக்கும் இருப்புப்பாதையையும் ஆலைக் குழாயையும் எண்ணுவதில்லை. அவற்றை எண்ணிச் சொல்ல வேண்டியவர்கள் நாமே.

இளைஞர்களே! உங்கள் தெருவிலிருந்து சுகாதார நிலையத்திற்கு நடந்து சென்று, ஆகும் நேரத்தைக் குறியுங்கள். மருத்துவர் இருக்கும் வேளையையும், இரவில் 108 வண்டி நுழையக்கூடிய வழியையும் எழுதி வையுங்கள். அக்கணக்கோடு மாமன்ற உறுப்பினரையும் சுகாதார அலுவலரையும் காணுங்கள். வெறும் முறையீட்டை எளிதில் ஒதுக்கிவிடுவர். தெருவாரியான கணக்கை ஒதுக்குதல் அரிது.

எழுத்தறிவு வேலைக்கு மட்டுமன்று, நம் மக்களின் உயிரைக் காக்கவும் பயன்படுதல் வேண்டும். செவிலியர் கல்வி பயில விரும்பும் நம் பெண்மக்களுக்குக் கழகம் துணைநிற்க வேண்டும் என்று கேட்டு அமைகிறேன்.