படிக்க வந்தவரா, பணி செய்ய வந்தவரா?

(திருமானூரில் விவசாயத் தொழிலாளரும் ஆலைத் தொழிலாளரும் கூடிய கூட்டத்தில் ஆற்றிய உரை)



நடவு முடித்து, காலில் ஒட்டிய சேறு காயுமுன் வந்திருக்கிறீர்கள். சிமெண்ட் ஆலையில் பகல் ஷிப்டு முடித்த தோழர்களும் வந்திருக்கிறீர்கள். ஆகவே நான் நீட்டிப் பேசப் போவதில்லை.

வரும் வழியில் ஒரு பெரியம்மா என்னை நிறுத்திக் கேட்டார்: "ஏம்ப்பா, டாக்டருக்குப் படிக்கிற பிள்ளைங்க வந்தாங்க. ரத்தக் கொதிப்பு பார்த்தாங்க. வீட்டிலே எத்தனை பேரு, தண்ணி எங்கே பிடிக்கிறீங்கன்னு கேட்டு எழுதிக்கிட்டுப் போனாங்க. இவங்க நம்மளை வச்சுப் படிக்க வந்தவங்களா, நமக்கு வைத்தியம் பார்க்க வந்தவங்களா?"

நல்ல கேள்வி, தோழர்களே! மருத்துவ மாணவர் ஒவ்வொருவரும் கிராமத்தில் சில குடும்பங்களைப் பொறுப்பேற்று, படிக்கும் காலத்தில் அவ்வப்போது போய்ப் பார்க்க வேண்டுமென்று 2022 முதல் நம் நாட்டில் ஏற்பாடு இருக்கிறது. வெளிநாட்டு மாணவர்களும் நம் நாட்டுக்கு வருகிறார்கள். வேலூர் சி.எம்.சி. போன்ற மருத்துவமனைகளில் சில வாரம் தங்கி, சுற்றுக் கிராமங்களின் ஏழை ஜனங்களைப் பார்த்துவிட்டுப் போகிறார்கள். அது குற்றமா? இல்லை. ஆனால் பெரியம்மாவின் கேள்வி அவர்கள் எல்லோருக்கும் பொருந்தும்.

இதற்கு நான் புத்தகத்திலிருந்து பதில் சொல்லப் போவதில்லை. நான் பத்தாவதோடு நின்றவன். ஒரு வாலிபரின் வாழ்க்கையைச் சொல்கிறேன். பதில் அதிலேயே இருக்கிறது.

ஷோலாப்பூர் என்ற ஊர் மராட்டியத்தில் இருக்கிறது. பஞ்சாலைத் தொழிலாளர்களின் ஊர். அங்கே 1910இல் பிறந்தவர் துவாரகாநாத் கோட்னிஸ். பம்பாயில் மருத்துவம் படித்துப் பட்டம் பெற்று, மேற்படிப்புக்குத் தயாராகிக் கொண்டிருந்தார். படித்து முடித்திருந்தால் பம்பாயிலேயே பெயரும் பணமும் சம்பாதித்திருக்கலாம்.

அந்தச் சமயத்தில் சீனாவில் யுத்தம். 1937இல் ஜப்பானிய ஏகாதிபத்தியம் சீன மண்ணில் பெரும்படையை இறக்கியது. காயம்பட்டவர்களுக்குக் கட்டுப்போட ஆள் இல்லை. சீனத் தளபதி ஜூ தே நேருவுக்குக் கடிதம் எழுதி, மருத்துவ உதவி கேட்டார். நாமோ அன்று அடிமை நாடு. ஆனாலும், காங்கிரஸ் தலைவராக இருந்த சுபாஷ் போஸ் வேண்டுகோள் விடுக்க, நாட்டு மக்கள் காசு திரட்டிக் கொடுத்தார்கள். 1938 செப்டம்பரில் அடல், சோல்கர், பாசு, முகர்ஜி, கோட்னிஸ் என்ற ஐந்து டாக்டர்கள் கப்பலேறினார்கள். அடல் அதற்கு முன்பே ஸ்பெயினுக்குப் போய், பாசிஸ்டுகளை எதிர்த்துப் போராடியவர்களுக்குச் சிகிச்சை செய்தவர். ஐவரில் இளையவர்களில் ஒருவர் கோட்னிஸ். வயது 28 நிரம்பவில்லை.

சீனாவில் இருக்கும்போதே தந்தை இறந்த செய்தி வந்தது. ஊருக்குத் திரும்பு என்று சொன்னவர்கள் உண்டு. அவர் திரும்பவில்லை. 1939 பிப்ரவரியில் இயேனான் போய்ச் சேர்ந்தார். பிறகு யுத்தம் நடந்த வட சீனக் கிராமங்களுக்கே போனார்.

கவனியுங்கள், தோழர்களே. அவர் போன இடத்தில் பெரிய ஆஸ்பத்திரி இல்லை. குடியானவனின் மண் வீடுதான் ஆஸ்பத்திரி. மருந்துக்கும் துணிக்கும் பஞ்சம். பம்பாயில் படித்ததில் பாதி அங்கே உதவாது. அப்போது அவர் என்ன செய்தார்? முதலில் மாணவர் ஆனார். சீன மொழி கற்றார். குடியானவர் பேசுவதைக் கேட்டுப் புரிந்துகொண்டார். 1940இல் ஒரு பெரிய சண்டையின்போது 72 மணி நேரம் தூங்காமல் அறுவை சிகிச்சை செய்தார் என்று சொல்வார்கள். அந்த வீரத்தை வணங்குகிறேன். ஆனால் நான் அதைவிடப் பெரிதாக மதிப்பது வேறொன்று.

அந்தப் பகுதியில் அவருக்கு முன்பே கனடா நாட்டு டாக்டர் நார்மன் பெத்யூன் வேலை செய்திருந்தார். அறுவை செய்யும்போது விரலில் பட்ட காயம் விஷமாகி, 1939 நவம்பரில் அவர் மாண்டார். டாக்டர்கள் இல்லாத நாட்டில் ஒரு டாக்டர் வந்து எத்தனை பேரைத்தான் காப்பாற்ற முடியும்? ஆகவே பெத்யூன் கிராமத்து வாலிபர்களுக்கே வைத்தியம் கற்றுக் கொடுத்தார். அவர் பெயரில் அமைந்த சர்வதேச சமாதான ஆஸ்பத்திரிக்கு 1941 ஜனவரியில் கோட்னிஸ் தலைவரானார். அந்த வேலையை அவரும் தொடர்ந்தார். சீன மொழியிலேயே பாடம் நடத்தினார். அறுவை சிகிச்சை பற்றிப் பாடநூலும் எழுதினார். குவோ சிங்லான் என்ற நர்ஸைத் திருமணம் செய்துகொண்டார். பிறந்த மகனுக்கு யின்ஹுவா என்று பெயர் வைத்தார்கள். யின் என்றால் இந்தியா, ஹுவா என்றால் சீனா.

மற்ற நால்வரும் நாடு திரும்பினர். கோட்னிஸ் திரும்பவில்லை. வலிப்பு நோய் அவரைப் பிடித்திருந்தது. ஓய்வு எடுக்கச் சொன்னார்கள். அவர் வேலையை விடவில்லை. 1942 டிசம்பர் 9ஆம் தேதி, ஒரு சீனக் கிராமத்தில், 32 வயதில் இறந்தார். மகனுக்கு அப்போது நான்கு மாதம்கூட ஆகவில்லை.

அவர் இறந்த பிறகு அங்கே என்ன மிஞ்சியது? அவரிடம் கற்ற சீன வாலிபர்கள் மிஞ்சினார்கள். அவர்கள் கை தொடர்ந்து வேலை செய்தது. தோழர்களே, இதுதான் அளவுகோல்! ஏழை ஊருக்குப் போகிற மாணவன் நோட்டுப் புத்தகத்தில் எவ்வளவு எழுதிக்கொண்டு போனான் என்பது கணக்கல்ல. அவன் போன பிறகு அந்த ஊரில் என்ன நின்றது என்பதே கணக்கு.

இப்போது நம் ஊருக்கு வருவோம்.

எனக்கு அப்போது பதினைந்து வயது. அம்மாவுக்குக் கடும் காய்ச்சல். நான்கு நாள் கஷாயம் குடித்துப் பார்த்து, ஐந்தாம் நாள் கொள்ளிடம் பாலத்தைத் தாண்டி நகரத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனோம். அங்கே ஒரு பயிற்சி டாக்டர், சின்னப் பையன். நல்ல பையன்தான், அம்மாவைப் பிழைக்க வைத்தவன் அவன்தான். அப்பாவைப் பார்த்து, "ஏன் இவ்வளவு தாமதமாகக் கொண்டு வந்தீர்கள்?" என்று கேட்டான். அப்பா தலை குனிந்து நின்றார். பதில் சொல்லவில்லை.

பதில் என்ன, தோழர்களே? அது அறுப்புக் காலம். ஒரு நாள் போனால் ஒரு நாள் கூலி போச்சு. வண்டிச் சத்தத்துக்குக் கையில் காசில்லை. கங்காணியிடம் முன்பணம் கேட்டு இரண்டு நாள் நடந்தார். இதுதான் பதில். அந்தப் பையனின் புத்தகத்தில் இந்தப் பதில் இல்லை. அப்பா சொல்லியிருந்தால் அவன் அன்று ஒரு பாடம் கற்றிருப்பான். அப்பா வெட்கப்பட்டார். வெட்கப்பட வேண்டியவர் அவர் அல்ல!

ஆகவே பெரியம்மாவுக்கு நான் சொன்னேன்: "ஆமாம் அம்மா, அவர்கள் நம்மை வைத்துப் படிக்கத்தான் வந்தார்கள். படிக்கட்டும். ஆனால் சரியான பாடத்தைப் படிக்கட்டும். அதைச் சொல்லிக் கொடுக்க வேண்டிய வாத்தியார் நீங்கள்தான்."

மாணவர்கள் வீட்டுக்கு வந்தால் "எல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்று சொல்லி அனுப்பாதீர்கள். மாத்திரையை ஏன் பாதியில் நிறுத்தினோம், சிமெண்ட் தூசியில் வேலை செய்கிறவனுக்கு இருமல் எப்படி இருக்கிறது, பூச்சிமருந்து அடித்த அன்று தலை எப்படிச் சுற்றுகிறது, எல்லாவற்றையும் சொல்லுங்கள். அவர்கள் எழுதிக்கொள்வதைப் படித்துக் காட்டச் சொல்லுங்கள். "மறுபடி எப்போது வருவீர்கள்? இதை யாரிடம் சொல்வீர்கள்?" என்று கேளுங்கள். கேட்பது மரியாதைக் குறைவு அல்ல; நம் உரிமை.

இன்னொன்று. ஏழையிடம் யாரோ ஒருவர் வந்து போவது மட்டும் போதுமா? ஏழையின் பிள்ளையே டாக்டராக வேண்டாமா? 1998இல் இரண்டு புயல்கள் மத்திய அமெரிக்காவையும் கரீபியன் தீவுகளையும் நாசம் செய்தன. சின்னஞ்சிறு கியூபா டாக்டர்களை அனுப்பியது. அத்தோடு நிற்கவில்லை. 1999இல் கடற்படைப் பயிற்சிக்கூடமாக இருந்த கட்டடங்களை மருத்துவக் கல்லூரியாக்கி, பல நாடுகளின் ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசமாகக் கற்றுக் கொடுத்தது. அமெரிக்க ஏழைகளின் பிள்ளைகளும் அங்கே போய்ப் படித்தார்கள். கேட்ட கைம்மாறு ஒன்றுதான்: திரும்பிப் போய் உங்கள் ஏழை ஜனங்களுக்கு வைத்தியம் செய்யுங்கள்.

நம் மாவட்டத்துக் குழுமூர் அனிதாவை மறக்க முடியுமா? சுமை தூக்கும் தொழிலாளியின் மகள். பிளஸ் டூவில் 1200க்கு 1176 மதிப்பெண். நீட் தேர்வு அவள் வழியை அடைத்தது. 2017 செப்டம்பரில் அவளை இழந்தோம். 2022 ஜனவரியில் அரியலூரில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. 2023இல் அதன் அரங்கத்துக்கு அனிதாவின் பெயர் சூட்டப்பட்டது. நல்லது. ஆனால் அந்தப் பெண் கேட்டது அரங்கத்தில் பெயர் அல்ல, வகுப்பில் ஓர் இடம்!

அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கு 7.5 சதவீத ஒதுக்கீடு 2020இல் வந்தது. ஒவ்வோர் ஆண்டும் நூற்றுக்கணக்கான பிள்ளைகள் அதில் நுழைகிறார்கள். அது போராடிப் பெற்ற வாசல். அதைக் காப்பாற்றுவோம், அகலப்படுத்துவோம். கூலிக்காரன் மகள் டாக்டராகி இந்தக் கிராமத்துக்கு வந்தால், "ஏன் தாமதமாக வந்தீர்கள்?" என்று கேட்கமாட்டாள். காரணம் அவளுக்குத் தெரியும். அந்தக் காரணத்தை ஒழிக்க நம்மோடு சேர்ந்து நிற்பாள்.

கோட்னிஸ் அந்நிய மண்ணில் குடியானவனிடம் பாடம் கேட்டார். நம் வாசலுக்கு வரும் பிள்ளைகளுக்கு அந்தப் பாடத்தை நாம் சொல்லிக் கொடுப்போம். தலை குனிந்து நிற்க வேண்டாம், தோழர்களே. நிமிர்ந்து நின்று சொல்லுவோம்.