சர்க்கரை நோய்: பெயர் ஒன்று, வகை பல

 

நம் மஹல்லாவில் சர்க்கரை நோய் இல்லாத வீடு அரிது. அதனாலேயே அந்நோயைப் பற்றி எல்லாம் தெரியும் என்று எண்ணிவிடுகிறோம். ஒருவருடைய மாத்திரையை மற்றவர் விழுங்குகிறார். ஒருவர் குடித்த கஷாயம் ஊருக்கே மருந்தாகிறது. பெயர் ஒன்றாயினும் நோய் ஒன்றன்று என்பதை உணர்த்துவதே இவ்வுரையின் நோக்கமாகும்.

உண்ணும் உணவு குளுக்கோஸாகி இரத்தத்தில் சேர்கிறது. அதை உடலின் அணுக்களுக்குள் புகுத்தும் திறவுகோல், கணையத்தில் சுரக்கும் இன்சுலின்.

முதல் வகையில், இன்சுலின் சுரக்கும் அணுக்களை உடலின் எதிர்ப்பாற்றலே அழித்துவிடுகிறது. பெரும்பாலும் பிள்ளைகளையும் இளைஞர்களையும் பற்றும் இது, சில வாரங்களிலேயே வெளிப்படும். அடங்காத தாகம், அடிக்கடி சிறுநீர், நன்றாக உண்டும் மெலிதல், படுக்கையை நனைப்பதை விட்டிருந்த பிள்ளை மீண்டும் நனைத்தல் ஆகியன அறிகுறிகள். வாந்தி, வயிற்றுவலி, மூச்சிரைப்பு, மயக்கம் தொடர்ந்தால் உயிருக்கே ஆபத்து. இந்நிலையில் காற்றுக் கருப்பு என்றெண்ணி ஓதிப் பார்க்க நம்மிடம் அழைத்து வருவோர் உண்டு. துஆ செய்வோம், ஆனால் பிள்ளையை முதலில் செங்கல்பட்டு அரசு மருத்துவமனைக்குக் கொண்டு செல்லுங்கள். 1922இல் டொராண்டோவில் லியோனார்டு தாம்சன் என்னும் 14 வயதுச் சிறுவனுக்கு இன்சுலின் செலுத்தப்படும் வரை, இவ்வகை கண்ட பிள்ளைகள் நெடுநாள் வாழ்ந்ததில்லை. எவர் சொன்னாலும் அந்த ஊசியை நிறுத்தாதீர்கள்.

இரண்டாம் வகையே நம்மில் பெரும்பாலோருக்கு உள்ளது. இன்சுலின் சுரந்தும் உடல் அதற்கு இணங்குவதில்லை. நாளடைவில் சுரப்பும் குறைகிறது. பரம்பரை, தொந்தி, உழைப்பின்மை ஆகியவை இதற்கு வழிவகுக்கும். இது ஓசையின்றி வரும். சோர்வு, மங்கிய பார்வை, ஆறாத புண், பாதத்தில் மரமரப்பு என்று தெரியவரும்போது ஆண்டுகள் பல கடந்திருக்கும். கடற்கரை மணலில் வெறுங்காலோடு நடப்போர் இதை எண்ணிப் பார்க்க வேண்டும்.

தேடினால்தான் இந்நோய் தென்படும் என்பதற்கு நம் மாவட்டத்தின் சூணாம்பேடு சான்றாகும். 2006இல் மெட்ராஸ் டயாபடீஸ் ரிசர்ச் பவுண்டேஷன் அங்கு 42 கிராமங்களில் பணி தொடங்கியது. செயற்கைக்கோள் தொடர்புடைய மருத்துவ ஊர்தி, மக்களின் வாசலுக்கே சென்றது. பரிசோதிக்கப்பட்ட 23,380 பேரில் 1,138 பேருக்குச் சர்க்கரை நோயும், 3,410 பேருக்கு அதற்கு முந்தைய நிலையும் காணப்பட்டன. ஓராண்டுச் சிகிச்சையில் மூன்று மாதச் சராசரியைக் காட்டும் எச்பிஏ1சி அளவு 9.3இலிருந்து 8.5ஆகக் குறைந்தது.

அடுத்து, கர்ப்பகாலச் சர்க்கரை. பெரும்பாலும் அறிகுறியே இராது. 75 கிராம் குளுக்கோஸ் அருந்தி, 2 மணி நேரம் கழித்து 140 அல்லது அதற்கு மேல் இருந்தால் உண்டென்று கொள்வர். பேறுகாலத்திற்குப் பின் மறைந்தாலும், அத்தாய்க்கு இரண்டாம் வகை வரும் வாய்ப்பு அதிகம். ஆதலால் அவர் ஆண்டுதோறும் பரிசோதிக்க வேண்டும்.

ஊட்டச்சத்துக் குறைவால் மெலிந்த இளைஞர்களுக்கு வரும் வகையும் ஒன்றுண்டு. அதற்கு 2025இல் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு ஐந்தாம் வகை என்று பெயரிட்டது. சர்க்கரை பருத்தவர்களுக்கே வரும் என்னும் எண்ணம் தவறென்பதற்கு இதுவே போதும்.

வெறும் வயிற்றில் 126, எச்பிஏ1சி 6.5, இவற்றை எட்டினால் மருத்துவரிடம் உறுதி செய்யுங்கள். எவ்வகை என்றும் கேளுங்கள்.

ரமலானுக்கு முன்பே நோன்பு பற்றி மருத்துவரிடம் கலந்து பேசுங்கள். விரலில் குத்திச் சர்க்கரை பார்ப்பதால் நோன்பு முறியாது. 70க்குக் கீழ் இறங்கினாலோ 300க்கு மேல் ஏறினாலோ நோன்பை விட்டுவிடுங்கள். நோயாளிக்கு மார்க்கம் அளித்த சலுகையை ஏற்பது பலவீனமன்று; உயிர் என்னும் அமானிதத்தைக் காப்பதாகும்.

வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் உடல்நலத்தைத் தந்தருள்வானாக. ஆமீன்.