வயோதிகர் மனமும் வாழும் தெருவும்

(ஸ்ரீவராகத்தில் நடந்த சங்கக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



கூலி, வாடகை, ரேஷன் என்று பேசிப் பழகிய மேடை இது. இன்று நம் வயோதிகர்களின் மனதைப் பற்றிப் பேசுகிறோம். இதுவும் கூலியோடும் வாடகையோடும் பின்னிக் கிடக்கிற பிரச்னைதான்.

சாலைக் கடைத்தெருவில் மூட்டை சுமந்தும், துணி தேய்த்தும், வீட்டு வேலை செய்தும் இந்த நகரத்துக்கு உழைத்தவர்கள் இன்று ஓய்ந்து உட்கார்ந்திருக்கிறார்கள். எங்கே? ஒற்றை அறை வாடகை வீட்டில். மகனும் மருமகளும் வேலைக்குப் போனால், மாலைவரை சுவர்தான் துணை.

நம் உறுப்பினர் ஒருவரின் தாயார் குளத்துக்குப் பக்கத்துத் தெருவில் பல ஆண்டுகள் இருந்தார். பூக்கட்டுவார். பக்கத்து வீட்டு மலையாளத்து அம்மாவோடு வெற்றிலை போடுவார். மாலையில் குளக்கரையில் நாலு பேரோடு பேச்சு. வாடகை ஏறியது, குடும்பம் வேறு பகுதிக்கு மாறியது. அங்கே தமிழ் பேச ஆளில்லை. வாசலில் இறங்கினால் வண்டி மோதும். சில மாதங்களில் பேச்சு நின்றது, சோறு குறைந்தது, உறக்கம் போயிற்று. "வயசாயிட்டுது" என்று சொல்லி நாமும் இருந்துவிட்டோம். "இது மனச்சோர்வு, மருந்தோடு மனித முகமும் வேண்டும்" என்றார் டாக்டர். அதன்பின் வாரத்தில் இரண்டு நாள் பழைய தெருவுக்கு அழைத்து வருகிறோம். இப்போது மறுபடியும் பூக்கட்டுகிறார்.

லான்செட் மருத்துவ இதழ் அமைத்த நிபுணர் குழு, மறதி நோய்க்கு வழிவகுக்கும், ஆனால் நம்மால் மாற்றக்கூடிய 14 காரணங்களை 2024-ல் பட்டியலிட்டது. காது மந்தம், பார்வைக் குறைவு, மனச்சோர்வு, தனிமை எல்லாம் அதில் உண்டு. ஒன்று மற்றதை இழுத்து வரும். காது கேளாதவர் பேச்சிலிருந்து ஒதுங்குகிறார். உட்கார இடமில்லாத தெருவில் கால்வலிக்காரர் இறங்க அஞ்சுகிறார். இறங்காதவர் யாரையும் சந்திப்பதில்லை.

2011 கணக்கெடுப்பின்படி 60 வயதைக் கடந்தவர்கள் இந்தியாவில் 100-க்கு 8.6 பேர், கேரளத்தில் 12.6 பேர். இங்கே 1998 முதல் குடும்பஸ்ரீ அயல்கூட்டங்கள் உண்டு. முதியோருக்குப் பகல்வீடுகள் உண்டு. நகரங்களில் 65 கடந்தவர்களுக்கு இலவச மருந்து தரும் வயோமித்ரம் உண்டு. மொழித் தயக்கத்தால் நம் பெரியவர்கள் அந்த வாசல்களை மிதிப்பதில்லை. கையைப் பிடித்து அழைத்துப் போவது நம் வேலை.

அண்டை வீட்டு மலையாளி உழைப்பாளியின் தாயும் இதே சுவரைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறார். ஆகவே இந்தக் கோரிக்கைகளை இரு மொழிக்காரரும் சேர்ந்தே எழுப்புவோம்:

குளக்கரையிலும் பஸ் நிறுத்தத்திலும் சாய்ந்து உட்காரப் பெஞ்சு வேண்டும்.
உடையாத நடைபாதையும் தெருவிளக்கும் வேண்டும்.
பகல்வீடுகளில் தமிழ் பேசும் ஆளும் தமிழ்ப் பத்திரிகையும் வேண்டும்.

நாம் செய்ய வேண்டியதும் உண்டு. வாரம் ஒருமுறை ஒவ்வொரு தெருவிலும் ஓர் உறுப்பினர் வயோதிகர்களைப் பார்த்துப் பேச வேண்டும். வீடு மாறும் முன் வீட்டுப் பெரியவரை ஒரு வார்த்தை கேட்க வேண்டும். முதியோர் உதவிக்கு 14567, மன உதவிக்கு 14416 என்ற இலவச எண்களைச் சுவரில் எழுதி வையுங்கள்.

நமக்குச் சோறு போட்ட கைகள் அவை. அவற்றைத் தனியே விடமாட்டோம் என்று உறுதி கொள்வோம்.