உடன்படாத சபை

 

புதுச்சேரிக் கடற்கரையில், முதல் உலகப் போரில் மாண்டோர் நினைவுச்சின்னத்தைக் கண்டிருப்பீர்கள். அப்போரின்போது, போரையே மறுத்த சபை ஒன்று இலண்டன் டெவன்ஷையர் இல்லத்தில் கூடியது. அவர்கள் குவேக்கர் என்னும் கிறித்துவர்.

போர் பற்றிய பிரசுரங்களைத் தணிக்கைக்கு அனுப்புமாறு 1917-இல் அரசு ஆணையிட்டது, சபை மறுத்தது. 1918 மே மாதம் ஹாரிசன் பாரோ, ஆர்தர் வாட்ஸ் இருவரும் ஆறு மாதச் சிறைத்தண்டனை பெற்றனர். ஈடித் எல்லிஸ் அம்மையார் 100 பவுன் அபராதம் செலுத்த மறுத்துச் சிறை ஏகினார்.

செய்தல், செய்வித்தல், உடன்படல் என இம்சை மூவகை என்கிறது நம் அறம். முதலிரண்டையும் நாம் எளிதில் விலக்குகிறோம். போர்ச்செய்தி கேட்டு மகிழும் நம் உள்ளம் மூன்றாவதை விலக்கியதா? இத்திருநாளில் எண்ணிப் பார்ப்போம்.