'வேகபாண்ட்' என்றொரு சொல்



இரண்டாம் ஆண்டில் ஒரு பேராசிரியர் வகுப்பிலேயே என்னை எழுப்பி, "யூ வேகபாண்ட்!" என்றார். தமிழ் மீடியத்திலிருந்து வந்தவன் நான், அர்த்தம் புரியலே. நேரே நூலகம் போய் அகராதியைப் பிரித்தேன். 'ஊர் சுற்றி' என்று தெரிந்தது.

அன்று பிடித்த சொல்லை இன்னும் விடவில்லை. லத்தீனில் இதன் வேருக்கு வெறுமனே 'அலைதல்' என்றுதான் பொருள். இங்கிலாந்திலோ அது குற்றமாயிற்று. வேலையின்றித் திரிபவர் மார்பில் 'வி' என்று சூடு போட்டு, இரண்டாண்டு அடிமையாக்க 1547-இல் சட்டம் வந்தது. விரைவிலேயே ரத்தும் ஆனது. 1572 சட்டம், பிரபுக்களின் ஆதரவில்லாத நாடக நடிகர்களையும் இந்தப் பட்டியலில் சேர்த்தது. 1824 சட்டத்திலும் இது குற்றவாளியின் பெயர்தான்.

ஆனால் 1951-இல் ராஜ்கபூர் ஏறத்தாழ இதே பொருளில் 'ஆவாரா' என்று படமெடுத்தார். ரஷ்யா வரை கொண்டாடினார்கள்! சொல் அதேதான், சொல்கிற வாய்தான் வேறே.

நான் அன்று ஊர் சுற்றவில்லை. ஃபீஸ் கட்ட, ஓர் அச்சகத்தில் வேலை பார்த்தேன். அவர் கேட்கலே, நானும் சொல்லலே.

நம்மில் பலர் இன்று ஆசிரியர்கள். பிள்ளை வகுப்புக்கு வரவில்லையென்றால், பேர் வைக்கும் முன், "எங்கேப்பா போனே?" என்று கேளுங்கள். மாணவர்களே, கேட்டால் சொல்லிவிடுங்கள்.