விசைப்பலகையில் ஏழு சுரங்கள்

(பணியிடைப் பயிற்சி ஒன்றில் ஆசிரியர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



'கீபோர்டு' என்று சொன்னதும் இந்த அரங்கில் சிலருக்கு இசைக்கருவி நினைவுக்கு வரும். மற்றவர்களுக்குக் கணினியின் விசைப்பலகை. முதல் வகை நம் பள்ளிகள் பலவற்றில் இல்லை. இருக்கிற இடங்களிலும் பீரோவுக்குள் பத்திரமாக இருக்கும். சாவி யாரிடம் என்று கேட்கக் கூடாது. இரண்டாம் வகை நம் ஆய்வகத்தில் வரிசையாக இருக்கிறது. இதைக் கொண்டே பிள்ளைகளுக்குச் சுரம் காட்டலாம் என்று சொல்லத்தான் வந்திருக்கிறேன். இது எங்கே கைவிடும் என்பதையும் சேர்த்தே சொல்லிவிடுகிறேன்.

தட்டச்சுக்கும் இசைக்கும் உள்ள உறவு பழையது. 1868இல் அமெரிக்காவின் மில்வாக்கி நகரில் கிறிஸ்டோபர் லேதம் ஷோல்ஸும் அவருடைய கூட்டாளிகளும் காப்புரிமை பெற்ற தட்டச்சுப் பொறியில் விசைகள் பியானோ கட்டைகளைப் போலவே இருந்தன. பிறகுதான் அவை பொத்தான்களாகி, வரிசை வரிசையாக அமைந்தன. ஒவ்வொரு விசைக்கும் கீழே ஒரு நெம்புகோல் ஓட வேண்டும் அல்லவா? ஒன்றோடொன்று இடிக்காமல் இருக்க வரிசைகளைச் சற்றுத் தள்ளித் தள்ளி வைத்தார்கள். நெம்புகோல் போய்விட்டது, தள்ளல் மட்டும் தங்கிவிட்டது. அதனால் இன்றும் மேல்வரிசை விசை ஒன்று, கீழ்வரிசை விசைகள் இரண்டுக்கு நடுவே உட்கார்ந்திருக்கிறது. இரண்டு வெள்ளைக் கட்டைகளுக்கு நடுவே ஒரு கறுப்புக் கட்டை இருப்பதைப் போல.

இந்த ஒற்றுமையை இசை மென்பொருள் செய்தவர்கள் பிடித்துக்கொண்டார்கள். 1987இல் கார்ஸ்டன் ஒபார்ஸ்கி, அமிகா கணினிக்காக 'அல்டிமேட் சவுண்ட்டிராக்கர்' என்ற மென்பொருளை உருவாக்கினார். அந்த வழியில் வந்த 'டிராக்கர்' மென்பொருள்களில், தனியாக இசைக்கருவி வாங்க வசதியில்லாத இளைஞர்களும் எழுத்து விசைகளைத் தட்டியே பாட்டு அமைத்தார்கள்.

நமக்கு ஏற்றது எல்.எம்.எம்.எஸ். என்ற கட்டற்ற மென்பொருள். பணம் கட்ட வேண்டாம். விண்டோஸிலும் லினக்ஸிலும் ஓடும். ஒரு முறை நிறுவிவிட்டால் இணையமும் தேவையில்லை. நிறுவும் முன் ஆய்வகப் பொறுப்பாளரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். தமிழ் உள்ளீடு போட்டிருந்தால் ஆங்கிலத்துக்கு மாற்றிவிடுங்கள்.

அதில் ஒரு கருவியைத் திறந்து, அடிவரிசையின் இடது ஓரத்தில் இருக்கும் இசட் விசையை அழுத்துங்கள். அதை ஸ என்று வைத்துக்கொள்வோம். அங்கிருந்து வலப்பக்கமாக எக்ஸ், சி, வி, பி, என், எம். ஸ ரி க ம ப த நி வந்துவிட்டது. நம் கணக்கில் இது சங்கராபரணம். மேல் ஸ வேண்டுமா? எண்களுக்குக் கீழே உள்ள வரிசையில் முதல் எழுத்தான கியூவுக்குப் போங்கள். அங்கிருந்து அடுத்த ஸ்தாயி தொடங்கும். இடையில் வரும் கறுப்புக் கட்டைகள், அடிவரிசைக்கு மேலே உள்ள எஸ், டி, ஜி, எச், ஜே. ஆக மொத்தம் பன்னிரண்டு சுரத்தானங்கள்.

இந்த இடத்தில் ஏதாவது ஒரு பிள்ளை கையைத் தூக்கும். "சார், எஃப் அடிச்சா சத்தமே வரலை. கேயும் வரலை." விசைப்பலகை கெட்டுப்போகவில்லை. சி விசைக்கும் வி விசைக்கும் இடையே, அதாவது அந்தக் காந்தாரத்துக்கும் மத்திமத்துக்கும் இடையே, வேறு சுரத்தானம் கிடையாது. எம் விசையில் உள்ள நிஷாதத்துக்கும் மேல் ஸவுக்கும் இடையிலும் அப்படியே. அதனால்தான் நடுவில் உள்ள எஃப்பும் கேயும் ஊமையாக இருக்கின்றன. பியானோவில் கறுப்புக் கட்டைகள் இரண்டும் மூன்றுமாக ஏன் பிரிந்து நிற்கின்றன என்பதற்கும் இதுதான் பதில். விடையை நீங்கள் முந்திக்கொண்டு சொல்லிவிடாதீர்கள். பிள்ளைகளே தேடட்டும், ஒரு பாடவேளை போனாலும் பரவாயில்லை.

இசை பயில்பவர்கள் வழக்கமாக முதலில் கற்கும் மாயாமாளவகௌளைக்கு இசட், எஸ், சி, வி, பி, எச், எம், கியூ. மோகனத்துக்கு ஐந்து சுரம் போதும்: இசட், எக்ஸ், சி, பி, என், முடிவில் கியூ. தொடக்கப் பள்ளிப் பிள்ளைகளுக்கு மோகனமே நல்லது. அந்த ஐந்தில் எதை எப்படித் தட்டினாலும் காதுக்கு அவ்வளவாக உறுத்தாது. தமிழாசிரியர்கள் விசைகளின் மேல் சிறு தாள் ஒட்டி குரல், துத்தம், கைக்கிளை, உழை, இளி, விளரி, தாரம் என்று எழுதிவிட்டால், மனப்பாடமாக ஒப்பிக்கும் அந்த ஏழு பெயர்களும் காதில் கேட்கும் பெயர்களாகிவிடும்.

இனி நான் முக்கியமாகச் சொல்ல வந்தது: முதலில் பாட வேண்டும், பிறகுதான் தட்ட வேண்டும். இந்த வரிசை மாறக் கூடாது.

ஏன் இவ்வளவு கண்டிப்பு? தோடியின் சுரங்களைத் தட்டிப் பாருங்கள்: இசட், எஸ், டி, வி, பி, எச், ஜே, கியூ. சுரத்தானம் எல்லாம் சரி. ஆனால் தோடி வராது. தோடியின் காந்தாரம் ஓரிடத்தில் நிற்பதல்ல, அசைந்துகொண்டே இருப்பது. விசைக்குத் தெரிந்ததெல்லாம் அழுத்தம், விடுப்பு இரண்டுதான். சறுக்கலும் அசைவும் அதற்குத் தெரியாது. பாட்டி பாடும் தாலாட்டில் ஒரு சுரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கிக்கொண்டு போகிறாரே, அது இந்தப் பன்னிரண்டு பெட்டிக்குள் அடங்காது. இது புதிய சண்டையும் அல்ல. ஆர்மோனியத்தில் கமகம் வராது என்பது உள்ளிட்ட காரணங்களால் அகில இந்திய வானொலி 1940இல் அதற்குத் தடை போட்டது. தடை தளர்வதற்கு 1971 ஆயிற்று. ஆனால் நம் நாடக மேடைகளில் ஆர்மோனியப் பெட்டி ஒருநாளும் ஓயவில்லை. அங்கே பெட்டி வழிகாட்டியது, வழுக்கலைக் குரல் பார்த்துக்கொண்டது. நம் விசைப்பலகைக்கும் அந்த வேலையைத்தான் கொடுக்க வேண்டும். பாட்டே இதற்குள்தான் இருக்கிறது என்று ஒரு பிள்ளை நினைத்துவிட்டால், வீட்டில் கேட்ட தாலாட்டு அதற்குத் தப்பாகத் தோன்றும். அந்தக் கேட்டை நாம் செய்துவிடக் கூடாது.

ஒரு கணினிக்கு இருவரை உட்கார வையுங்கள். ஒருவர் இரண்டு சுரம் பாட, மற்றவர் அதை விசையில் தேட வேண்டும். கிடைத்ததும் இடம் மாறிக்கொள்ளட்டும். குரல் சுருதிக்கு எட்டவில்லை என்றால், மென்பொருளின் மேல்பட்டையில் ஒட்டுமொத்தச் சுருதியை ஏற்றி இறக்கும் வசதி இருக்கிறது. ஏழு படி ஏற்றினால் இசட் விசையிலேயே ஐந்து கட்டை வந்துவிடும். விரல் பழக்கத்தை மாற்ற வேண்டியதில்லை.

உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களுக்கு இதில் ஒரு தனிப் பயன் உண்டு. எட்டாம், ஒன்பதாம் வகுப்பில் ஆண் பிள்ளைகளுக்குக் குரல் உடையும். பழைய பாய்ஸ் நாடகக் கம்பெனிகளில் இதை மகரக்கட்டு என்பார்கள். நேற்றுவரை ராஜபார்ட் பாடிய பையன், மகரக்கட்டு வந்ததும் ஓரங்கட்டப்படுவான். நம் வகுப்பிலும் அதுதான் நடக்கிறது. ஏழாம் வகுப்புவரை வாழ்த்துப் பாடலில் முன்வரிசையில் நின்றவன், குரல் கரகரக்கத் தொடங்கியதும் பின்வரிசைக்குப் போய் வாயை மட்டும் அசைப்பான். நாமும் கலைத் திருவிழாவுக்கு வேறு பிள்ளையைத் தேடிக்கொள்வோம். இரண்டு ஆண்டு கழித்துக் குரல் நிலைப்படும்போது, 'எனக்குப் பாட்டு வராது' என்று அவனே முடிவு கட்டியிருப்பான். அந்த இரண்டு ஆண்டுக்கு அவன் காது சும்மா இருக்காமல் இந்த விசைகள் பார்த்துக்கொள்ளும். வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே தேடட்டும், யாருக்கும் கேட்க வேண்டியதில்லை.

அடுத்து, நடைமுறையில் வரும் சில தொல்லைகள். மூன்று விசைகளைச் சேர்த்து அழுத்தினால் சில நேரம் இரண்டுதான் ஒலிக்கும். விலை குறைந்த விசைப்பலகைகளுக்குள்ளே கம்பிகள் குறுக்கும் நெடுக்குமாக வலை போலப் போகின்றன. குறிப்பிட்ட சில விசைகளைச் சேர்த்து அழுத்தும்போது எது அழுத்தப்பட்டது என்று அதற்கே குழப்பம் வரும். ஆகவே ஒன்றை விட்டுவிடும். பிள்ளையின் விரலைக் குறை சொல்லாதீர்கள். இன்னொன்று, எவ்வளவு ஓங்கித் தட்டினாலும் ஒலி ஒரே அளவுதான். ஒலியின் அளவைப் பதிவு செய்த பிறகு, பியானோ ரோல் கட்டத்தில் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். தட்டியதற்கும் ஒலி கேட்பதற்கும் இடையே தாமதம் தெரிந்தால் பிள்ளை தாளத்தைத் தவறவிடும். ப்ளூடூத் ஒலிபெருக்கி அந்தத் தாமதத்தை இன்னும் கூட்டும் என்பதால் கம்பியுள்ள காதுபேசியே நல்லது.

கணித ஆசிரியர்களைத் தனியாகக் கூப்பிடுகிறேன். பத்தாம் வகுப்பில் பெருக்குத் தொடர்வரிசை நடத்துகிறீர்கள். இந்த மென்பொருளில் ஸவின் அதிர்வெண் 261.6 ஹெர்ட்ஸ் என்று கொண்டால், அடுத்தடுத்த சுரத்தானத்துக்கு ஏறத்தாழ 1.0595ஆல் பெருக்கிக்கொண்டே போக வேண்டும். பன்னிரண்டு முறை பெருக்கினால் இரண்டு மடங்காகி மேல் ஸ வந்துவிடும். ஏழு முறை பெருக்கினால் பஞ்சமம் 392, விகிதம் 1.498. தம்புராவோடு இழையும் பஞ்சமத்தின் விகிதம் 1.5. அந்த வித்தியாசம் காதுக்குத் தெரியாது. காந்தாரத்தில் 1.25 வர வேண்டிய இடத்தில் 1.26 வருகிறது. கூர்ந்து கேட்டால் தெரியும். விகிதத்தைக் காதால் சரிபார்க்கும் வாய்ப்பு கணித வகுப்பில் வேறு எங்கே கிடைக்கிறது?

என் பேச்சு போதும். உங்கள் முன்னால் உள்ள கணினிகளில் மென்பொருள் திறந்தே இருக்கிறது. பக்கத்தில் இருப்பவரோடு சேர்ந்துகொள்ளுங்கள். வாழ்த்துப் பாடலின் முதல் அடியை ஒருவர் மெதுவாகப் பாடுங்கள், மற்றவர் தேடுங்கள். பாட வெட்கமாக இருந்தால் முணுமுணுத்தாலும் போதும்.