மாட்ட மறந்த ரெண்டு பின்: ஸ்வே பாரைக் கழட்டுறதும் மாட்டுறதும்

இது எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகக் கொஞ்சம் சுருக்கியிருக்கிறோம்.

வேப்பம்பட்டுல இருந்து பேசுறேன். நடுவுல திருவள்ளூர் லோக்கல் போற சத்தம் கேட்டா கண்டுக்காதீங்க, வீடு ஸ்டேஷன் பக்கம்தான்.

"ஜிம்னி வாங்கியாச்சு, தார் வாங்கியாச்சு, அடுத்து ஸ்வே பார் டிஸ்கனெக்ட் போடலாமா?"ன்னு நிறைய பேர் கேட்டிருந்தீங்க. என் நண்பனோட ஜிம்னியில நாங்களே ஒரு ஞாயித்துக்கிழமை வாசல்ல வச்சு மாட்டினோம். அதுல கத்துக்கிட்டதைச் சொல்றேன். அதோட, நான் பண்ண ஒரு தப்பையும் சொல்லணும். அந்தத் தப்பைச் சொல்லத்தான் இந்த எபிசோடே.

அந்தக் கம்பி என்ன பண்ணுது?

வண்டிக்குக் கீழ குனிஞ்சு பாருங்க. இடது சக்கரத்துப் பக்கத்துல இருந்து வலது சக்கரம் வரைக்கும் ஒரு ஸ்டீல் கம்பி 'ப' மாதிரி வளைஞ்சு போகும். நம்ம ஊர் மெக்கானிக்குங்க ஸ்டெபிலைசர் பார்னு சொல்வாங்க. பெரும்பாலான வண்டியில நடுப்பகுதி ரப்பர் புஷ் போட்டு சேசிஸ்ல உட்கார்ந்திருக்கும். ரெண்டு முனையும் லிங்க் ராடு வழியா சக்கரத்துப் பக்கம் சேர்ந்திருக்கும்.

ஸ்பீட் பிரேக்கர்ல ரெண்டு சக்கரமும் ஒண்ணா ஏறினா, இந்தக் கம்பி சும்மா சுழலும், அவ்வளவுதான். ஒரு சக்கரம் மட்டும் ஏறினா கம்பி முறுக்கிக்கும். முறுக்கினது திரும்பப் பழைய நிலைக்கு வரப் பார்க்கும். அந்த எதிர்ப்புதான் வளைவுல வண்டி ஒரு பக்கமா சாயாம பிடிக்குது.

முறுக்கின கம்பி ஸ்பிரிங் மாதிரி வேலை செய்யும்ங்கிறது நம்ம ஏரியாவுக்குப் புதுசு இல்ல. பக்கத்துல ஆவடி கனரக வாகனத் தொழிற்சாலையில 1965-ல வெளிவந்த விஜயந்தா டேங்க்லயும் இன்னைக்கு வர்ற டி-90 பீஷ்மாவுலயும் சக்கரங்களுக்கு ஸ்பிரிங்கா இருக்கிறது இதே மாதிரி முறுக்குக் கம்பிதான். டன் கணக்கு எடையைத் தாங்குற அதே தத்துவம் உங்க வண்டியில சின்னதா உட்கார்ந்திருக்கு.

இன்னொரு விஷயம். கம்பியோட விறைப்பு அதன் விட்டத்தோட நாலாவது மடங்குல ஏறும். விட்டம் 10 சதவீதம் கூடினா விறைப்பு கிட்டத்தட்ட 46 சதவீதம் கூடிடும். பார்க்க ஒல்லியாத்தான் இருக்கும், ஆனா அது பிடிக்கிற பிடி பெரிசு.

அப்புறம் ஏன் கழட்டணும்?

ரோட்டுல நல்லது பண்ற அதே பிடி, மேடு பள்ளத்துல தொந்தரவு பண்ணும். ஒரு சக்கரம் பாறை மேல ஏறும்போது இன்னொரு பக்கச் சக்கரம் கீழ இறங்கிப் பள்ளத்தைத் தொடணும். பார் அதை இறங்க விடாது. சக்கரம் அந்தரத்துல தொங்கும். சாதாரண டிஃபரன்ஷியல் இருந்தா, தொங்குற சக்கரம் சும்மா சுத்தும், வண்டி நின்ன இடத்துலயே நிக்கும். பாரை விடுவிச்சா ரெண்டு சக்கரமும் அததுக்கு ஏத்த மாதிரி ஏறி இறங்கும், நாலு டயரும் தரையில இருக்கும்.

ஆனா எல்லா வண்டிக்கும் ஒரே பலன் கிடைக்காது. ஜிம்னிக்கு முன்னாடியும் பின்னாடியும் ரிஜிட் ஆக்ஸில், காயில் ஸ்பிரிங். அதுல வித்தியாசம் நல்லாவே தெரியும். 2020-ல வந்த தார்ல முன்பக்கம் இண்டிபெண்டண்ட் சஸ்பென்ஷன். அங்க பாரைக் கழட்டினாலும் ஆர்மோட நீளமும் டிரைவ் ஷாஃப்ட் ஜாயிண்டும் ஒரு எல்லை போட்டுடும். பலன் கொஞ்சம்தான். அதனால "அவன் போட்டிருக்கான், நானும் போடுறேன்"னு போகாதீங்க.

அதுவும் இல்லாம, காசே செலவு பண்ணாம முதல்ல பண்ண வேண்டியது டயர்ல காத்து குறைக்கிறது. 30 பிஎஸ்ஐ பக்கம் இருக்கிறதை 18, 20-க்குக் கொண்டு வந்தா பாதி பிரச்சினை அங்கயே தீரும். திரும்ப ஏத்த ஒரு சின்ன கம்ப்ரசர் கையில இருக்கணும். இதைப் பண்ணிப் பார்த்தும் சக்கரம் தூக்குதுன்னா மட்டும் டிஸ்கனெக்ட் பத்தி யோசிங்க.

மாட்டுற வேலை

குவிக் டிஸ்கனெக்ட்னா பெரிய மந்திரம் இல்ல. பழைய லிங்க் ராடுக்குப் பதிலா ஒரு புது லிங்க். அதோட ஒரு முனையில நட்டுக்குப் பதில் பின்னும் கிளிப்பும் இருக்கும். கிளிப்பை உருவினா பின் வெளிய வரும், பார் தனியா நிக்கும்.

முதல் விதி, சமதளம். வண்டி கோணலா நின்னா பார் ஏற்கெனவே முறுக்கத்துல இருக்கும். அப்ப நட்டைக் கழட்டினா பட்டுன்னு அடிக்கும், விரல் போயிடும். எங்க தெருவுல சமமான இடம் தேடவே அரை மணி நேரம் ஆச்சு. ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்குக் கட்டை வச்சுட்டு ஆரம்பிச்சோம்.

பழைய நட்டு துருப்பிடிச்சிருக்கும். முந்தின நாள் ராத்திரியே துரு எண்ணெய் அடிச்சு வைங்க. நட்டைத் திருப்பும்போது உள்ள இருக்கிற போல்ட்டும் சேர்ந்தே சுத்தும். நிறைய லிங்க்ல போல்ட்டோட நுனியில ஆலன் கீக்குப் பள்ளம் இருக்கும். அதைப் பிடிச்சுக்கிட்டு ஸ்பேனர் போடணும். எங்களுக்கு இது தெரியாம முதல் பக்கத்துக்கே ஒன்றரை மணி நேரம். ரெண்டாவது பக்கம் இருபது நிமிஷம்.

புது லிங்க்ல நீளம்தான் முக்கியம். இடது, வலது ரெண்டும் ஒரே நீளம் இருக்கணும். வண்டி தரையில சாதாரணமா நிக்கும்போது பாரோட ரெண்டு கையும் கிட்டத்தட்ட தரைக்கு இணையா வரணும். நீளம் தப்பா இருந்தா, சக்கரம் முழுசா இறங்கும்போது பார் மறுபக்கம் மடங்கிச் சிக்கிக்கும். ரப்பர் புஷ் இருக்கிற நட்டை, வண்டியோட எடை சக்கரத்துல இருக்கும்போதுதான் கடைசியா இறுக்கணும். ஜாக்கியில தொங்கும்போது இறுக்கினா புஷ் சீக்கிரம் கிழிஞ்சிடும். பழைய நைலாக் நட்டைத் திரும்பப் போடாதீங்க.

எல்லாம் முடிஞ்சதும் ஒரு சோதனை. பின்னை எடுத்துட்டு பாரை மேல தூக்கிக் கட்டுங்க. ஸ்டியரிங்கை ரெண்டு பக்கமும் கடைசி வரைக்கும் திருப்பிப் பாருங்க. டயர் எங்கயாவது உரசுதா? சக்கரம் முழுசா தொங்கும்போது பிரேக் ஹோஸ் இழுபடுதா? இந்த ரெண்டுல எது நடந்தாலும் அதைச் சரி பண்ணாம வண்டியை எடுக்கவே கூடாது.

அந்த ராத்திரி

இப்ப என் தப்பு.

திருவள்ளூர் தாண்டித் தெரிஞ்சவங்க நிலம். அனுமதி வாங்கிட்டுதான் போனோம். சாயங்காலம் வரைக்கும் வண்டி அருமையா ஏறி இறங்கிச்சு. முன்னாடி தூக்கின சக்கரம் இப்ப தூக்கவே இல்ல. கிளம்பும்போது இருட்டிடுச்சு, தூறல் வேற. கீழ முழங்கால் போட்டா ஒரே சேறு. நண்பன் டார்ச் எடுத்துட்டு மாட்டப் போனான். நான்தான் சொன்னேன், "விடுடா, கொஞ்ச தூரம்தானே, வீட்டுக்குப் போய் மாட்டிக்கலாம்."

திருவள்ளூர் ரோட்டுல 60-ல வந்துட்டு இருந்தோம். எதிர்ப்பக்கத்துல இருந்து லைட் இல்லாத ஒரு பைக் குறுக்க வந்துச்சு. அவன் இடது பக்கம் வெட்டி, உடனே வலது பக்கம் திருப்பினான். முதல் வெட்டுல வண்டி சாஞ்சது, சரி. திருப்பும்போது அந்தச் சாய்வு அப்படியே மறுபக்கம் விழுந்துச்சு பாருங்க, படகு மாதிரி. ஒரு செகண்ட், வண்டி எங்க கையில இல்ல. ரோட்டோர மண்ணுல இறங்கி நின்னுச்சு. பைக்காரருக்கு ஒண்ணும் ஆகல, எங்களுக்கும் ஒண்ணும் ஆகல. பத்து நிமிஷம் ரெண்டு பேரும் பேசவே இல்ல. அப்புறம் அங்கயே, அதே சேத்துல படுத்துக்கிட்டு ரெண்டு பின்னையும் மாட்டினோம். நாலு நிமிஷ வேலை. அந்த நாலு நிமிஷத்தைத்தான் நான் மிச்சம் பிடிக்கப் பார்த்தேன்.

நேரா போகும்போது எந்த வித்தியாசமும் தெரியலங்கிறதுதான் இதுல ஆபத்து. பார் இல்லன்னு வண்டி முன்கூட்டியே சொல்லாது, வெட்டித் திருப்பும்போதுதான் சொல்லும். ஜீப் ரேங்லர் ரூபிகான்ல இதே வேலையை ஒரு பட்டன் பண்ணுது. சுமார் 29 கி.மீ. வேகத்தைத் தாண்டினா அது தானாவே பாரைத் திரும்ப இணைச்சுக்கும். நம்ம கையால கழட்டுறதுல அந்தக் காவல் இல்ல. அங்க காவல் நாமதான். அதனால ஃபோர் லோ-வுல ஊர்ந்து போற வேகத்துக்கு மட்டும்தான் இது, தார் ரோட்டுக்குக் கிடையாது.

இப்ப எங்க வழக்கம் இது. பின் கழட்டினதும் ஒரு சிவப்புத் துணி ஸ்டியரிங்ல கட்டணும். பின் மாட்டின அப்புறம், மாட்டாத இன்னொருத்தர் கீழ குனிஞ்சு ரெண்டு கிளிப்பையும் கையால தொட்டுப் பார்த்துட்டுதான் துணியை அவுக்கணும். எக்ஸ்ட்ரா கிளிப் ரெண்டு டேஷ்போர்டுல எப்பவும் இருக்கும்.

கடைசியா சட்டம். 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றம், மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவின்படி, கம்பெனி கொடுத்த அடிப்படை அமைப்புக்கு மாறா வண்டியை மாத்தக் கூடாதுன்னு சொல்லியிருக்கு. அதனால போடுறதுக்கு முன்னாடி ஆர்டிஓ ஆபீஸ்லயும் இன்சூரன்ஸ் கம்பெனியிலயும் கேளுங்க, பதிலை எழுத்துல வாங்கி வைங்க. பழைய லிங்க் ராடைத் தூக்கிப் போடாதீங்க, பத்திரமா இருக்கட்டும்.

போடலாமான்னு கேட்டவங்களுக்கு என் பதில்: ரிஜிட் ஆக்ஸில் வண்டி, மாசத்துக்கு ஒரு தடவையாவது நிஜமான மேடு பள்ளம், சேத்துல படுத்து மாட்டுற பொறுமை. இந்த மூணும் இருந்தா போடுங்க. மூணாவது இல்லன்னா வேண்டாம்.

மெதுவா போங்க, முழுசா வீடு வந்து சேருங்க.